பெடல் கெட்டியாக இருந்தால் போதுமா? 1966 நோவா டிராக் காருக்கு மூன்று மாஸ்டர் சிலிண்டர்கள்

டிராக் ரேஸ் வண்டி வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில், டயர் என்று வரிசையாக வரும். 1,320 அடி, அதாவது நம் கணக்கில் 402 மீட்டர் ஓடி முடித்த பிறகு அந்த வண்டி எப்படி நிற்கிறது என்று கேட்டால் பதில் சுருங்கிவிடும். “பிரேக் இருக்கு. பெடல் கல் மாதிரி இருக்கு.” அந்தக் கல் மாதிரி பெடலைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

வண்டி 1966 செவ்ரலே செவி டூ நோவா, இரண்டு கதவு. சொந்தக்காரர் அமெரிக்காவில் எனக்குப் பழக்கமான ஓய்வுபெற்ற வெல்டர். ஸ்மால் பிளாக் வி8 எஞ்சின், இரண்டே கியர் உள்ள பவர்கிளைடு ஆட்டோமேட்டிக், ஓட்டுநரையும் சேர்த்து 2,900 பவுண்டு எடை. கால் மைலை 10.9 வினாடியில், முடிவில் மணிக்கு 125 மைல் வேகத்தில் கடக்கிறது. கிலோமீட்டரில் 200. மணிக்கு 60 மைலில் போகும் அதே வண்டியை நிறுத்துவதோடு ஒப்பிட்டால், நாலு மடங்குக்கும் அதிகமான ஆற்றலை டிஸ்க்கும் டிரம்மும் சூடாக மாற்றித் தள்ள வேண்டும். மணிக்கு 150 மைலை எட்டும் வண்டிக்கு அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதி பாராசூட்டைக் கட்டாயமாக்குகிறது. 125 மைல் வண்டிக்கு அந்தத் துணையும் கிடையாது. பிரேக்கை நம்பித்தான் ஆக வேண்டும்.

இந்த மாடலுக்கு டிராக் உலகில் பெயர் உண்டு. ‘கிரம்பி’ ஜென்கின்ஸ் என்று அழைக்கப்பட்ட பில் ஜென்கின்ஸ் 1966இல் ஓட்டியது, 327 கன அங்குல எல்79 எஞ்சின் போட்ட இதே செவி டூவைத்தான். எஞ்சின் 350 குதிரைத்திறன். ஆனால் தொழிற்சாலையிலிருந்து வந்த பிரேக்கோ நாலு சக்கரத்திலும் 9.5 அங்குல டிரம். அத்தனைக்கும் சேர்த்து ஒரே அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டர். ஒரு லைன் வெடித்தால் நாலு சக்கரமும் போச்சு. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரட்டை அறை சிலிண்டர் அமெரிக்க வண்டிகளில் பொதுவானது 1967 மாடல்களிலிருந்துதான். ஆகவே 1966 வண்டியில் இன்னும் பழைய ஒற்றை அறை சிலிண்டர் இருந்தால், போர் (சிலிண்டரின் உள்விட்டம்) என்ன, பிராண்ட் என்ன என்ற ஆராய்ச்சியெல்லாம் அப்புறம். முதலில் அதைக் கழற்றி ஓரமாக வையுங்கள்.

நம் நோவாவில் அதை எப்போதோ மாற்றிவிட்டார்கள். முன்னால் எடை குறைந்த நாலு பிஸ்டன் காலிப்பர், பின்னால் டிரம். மாஸ்டர் சிலிண்டர் 1-1/8 அங்குல போர். பெடல் நிஜமாகவே கல். அரை அங்குலம் இறங்கியதும் நின்றுவிடும். வண்டி மட்டும் நிற்காது.

காரணத்தைப் புரிந்துகொள்ள ஊசி போடும் சிரிஞ்சை நினைத்தால் போதும். ஒல்லியான சிரிஞ்சை அழுத்தினால் பீய்ச்சும் வேகம் அதிகம். தடியான சிரிஞ்சில் அதே விரல் பலத்துக்கு அழுத்தம் குறைவு, வெளியேறும் அளவு கூட. மாஸ்டர் சிலிண்டரும் அப்படித்தான். 1-1/8 அங்குல போரின் பரப்பு 0.994 சதுர அங்குலம். 7/8 அங்குல போரின் பரப்பு 0.601. கால் கொடுக்கும் பலம் ஒன்றாக இருந்தால் சின்ன போரில் கிடைக்கும் அழுத்தம் சுமார் 65 சதவீதம் கூடுதல். அதற்கு விலையாகப் பெடல் அதே விகிதத்தில் நீளமாக இறங்கும். பெரிய போர் கொடுக்கும் கெட்டித்தன்மை பிரேக்கின் பலம் இல்லை. பலம் குறைந்ததன் அடையாளம். இதை ஒத்துக்கொள்ள வண்டிக்காரருக்கு மனசே வரவில்லை. நாற்பது வருஷமாகப் பெடல் கெட்டியாக இருந்தால் பிரேக் நன்றாக இருக்கிறது என்றே பழகியவர்.

டிரம் காலத்தில் இந்தப் பழக்கம் ஓடிவிட்டது. டிரம்மில் சக்கரம் சுற்றும்போதே ஷூவை உள்ளே இழுத்துத் தன் பிடியைத் தானே கூட்டிக்கொள்ளும். குறைந்த அழுத்தமே போதும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. காலிப்பர் பிஸ்டன் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவுதான் பிடி. அதனால் டிஸ்க்குக்கு மாறுகிறவர், அழுத்தம் எங்கிருந்து வரப்போகிறது என்று கேட்டுக்கொண்டே மாற வேண்டும். சாலை வண்டியில் வேக்குவம் பூஸ்டர் அதைக் கொடுக்கும். டிராக் காரில் பெரிய கேம்ஷாஃப்ட் போட்டிருப்பார்கள். ஐடிலில் வேக்குவம் பாதிக்குக் கீழே விழுந்துவிடும். பூஸ்டர் வெறும் எடையாகத் தொங்கும். அதனால்தான் எல்லோரும் அதைக் கழற்றி எறிகிறார்கள். சரிதான். ஆனால் பூஸ்டரைக் கழற்றியவர்களில் பலர் பூஸ்டருக்காக அமைத்த மற்ற இரண்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள்: பெரிய போர், குறைந்த பெடல் விகிதம்.

பெடல் விகிதம் என்பது அளவு டேப் இருந்தால் ஐந்து நிமிட வேலை. பெடல் தொங்கும் அச்சிலிருந்து கால் வைக்கும் பட்டையின் நடுப்பகுதி வரை ஒரு அளவு. அதே அச்சிலிருந்து, சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் கம்பியான புஷ்ராட் மாட்டும் துளை வரை இன்னொரு அளவு. முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். நோவாவில் முதல் அளவு 12 அங்குலம், புஷ்ராட் துளை அச்சிலிருந்து 3 அங்குலம் கீழே. விகிதம் 4. பூஸ்டருக்கு இது ஏற்ற அளவு; வெறும் காலுக்குப் போதாது. பூஸ்டர் இல்லாத வண்டிக்கு 6 வேண்டும். அச்சிலிருந்து 2 அங்குலத்தில் புதுத் துளை போட்டு, அதைச் சுற்றிக் கனமான வாஷர் ஒன்றை வெல்டு வைத்தார் வண்டிக்காரர். அவர் தொழிலே அதுதானே, கச்சிதமாக முடிந்தது. துளை மேலே போனால் புஷ்ராட் சாய்வாக நிற்கும். சிலிண்டருக்கு நேராக வரும்படி சிலிண்டர் பொருத்தும் இடத்தையும் சரிசெய்ய வேண்டும். சாய்ந்த புஷ்ராட் பிஸ்டனை ஒரு பக்கமாகத் தேய்க்கும்.

காலால் 80 பவுண்டு பலம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். சிரமமில்லாமல் கொடுக்கக்கூடிய பலம்தான். பழைய அமைப்பில், 4 விகிதமும் 1-1/8 போரும் சேர்ந்து தருவது 320 பிஎஸ்ஐ. 6 விகிதத்துக்கு மாற்றியதும் அதே சிலிண்டரில் 480. அதில் 1-1/32 போர் போட்டால் 575. 1 அங்குலம் போட்டால் 610. 7/8 போட்டால் 800. அதே கால், அதே காலிப்பர், அதே பேட். 320 எங்கே, 800 எங்கே! பெடலில் லோடு செல் கட்டி, காலிப்பரின் ப்ளீடர் துளையில் கேஜ் திருகிப் பார்த்தோம். சிலிண்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங்கும் ரப்பர் உராய்வும் கொஞ்சம் தின்னும். அது போகக் கணக்குக்கு ஒட்டியே வந்தது.

இனி சிலிண்டர்கள்.

முதலாவது ஜிஎம் பாணி வார்ப்பிரும்பு, 1 அங்குல போர், முன் டிஸ்க் பின் டிரம்முக்கானது. மூன்றிலும் மலிவு. எந்த ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும் என்பது சனிக்கிழமை சாயங்காலம் ரேஸ் மைதானத்துப் பக்கத்தில் மாட்டிக்கொண்டவருக்குத்தான் அருமை தெரியும். கனம் அதிகம். மூடியைக் கம்பிப் பிடியால் இறுக்குகிறார்கள். பிரேக் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒவ்வொரு முறையும் அதைத் திறக்க வேண்டும். இந்த வகையை வாங்கும்போது கட்டாயம் பார்க்க வேண்டியது பிஸ்டனின் பின்பக்கக் குழி. பூஸ்டர் வண்டிக்கு வரும் சிலிண்டரில் குழி ஆழம் குறைவு. பூஸ்டர் இல்லாத வண்டிக்கு ஆழமான குழி. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆழமில்லாத குழியில் நீளமான புஷ்ராட்டை வைத்து ஓட்டினால், பெடல் திரும்பும்போது புஷ்ராட் நழுவிக் கீழே விழ இடம் உண்டு. 125 மைல் வேகத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கடைக்காரர் சொல்லை நம்பாமல் விரலை விட்டுப் பாருங்கள்.

இரண்டாவது டிராக் ரேஸ்காரர்களின் செல்லப்பிள்ளை: மோப்பார் பாணி அலுமினியம் சிலிண்டர், மேலே பிளாஸ்டிக் தொட்டி. கிரைஸ்லர் தன் சாலை வண்டிகளுக்குச் செய்த வடிவம் இது. எடை குறைவு என்பதால் ரேஸ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்; ஸ்ட்ரேஞ்ச் போன்ற டிராக் பாகங்கள் செய்யும் நிறுவனங்கள் இதே பாணியில் 1-1/32, 1-1/8 போர்களில் விற்கின்றன. நாங்கள் மாட்டிப் பார்த்தது 1-1/32. மூடியைத் திறக்காமலே ஆயில் மட்டம் தெரிகிறது. தொட்டி உடம்போடு சேரும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறது. அதைப் பிரேக் ஆயிலில் நனைத்து நேராக அழுத்தி உட்கார வைக்க வேண்டும், கோணலாகப் போனால் கசியும். பெடல் உணர்வு மூன்றிலும் இதில்தான் இதமாக இருந்தது. அழுத்தம் மட்டும் இந்த வண்டியின் சின்னக் காலிப்பருக்குக் கொஞ்சம் பற்றாது.

மூன்றாவது வில்வுட் இரட்டை அறை அலுமினியம், 7/8 அங்குலம். இதே வகையில் 15/16, 1, 1-1/8 போர்களும் உண்டு. நல்ல வேலைப்பாடு. மாட்டியதும் பெடல் முன்பைவிடக் கீழே இறங்குகிறது. வண்டிக்காரர் முதல் அழுத்தலிலேயே முகத்தைச் சுளித்து, “ஏர் இருக்கு” என்றார். ஏர் இல்லை. இரண்டாம் முறை அழுத்தினாலும் அதே உயரத்தில்தான் நின்றது. ஏர் இருந்தால் அடிக்க அடிக்கப் பெடல் மேலே ஏறும், ஸ்பிரிங் மாதிரி துள்ளும். இதில் துள்ளல் இல்லை, வெறும் நீளம். மைதானத்தில் ஒரு ஓட்டம் முடிந்து வந்ததும் அவருடைய சுளிப்பு போய்விட்டது. வழக்கமாக அவர் தாண்டிப் போகும் வெளியேறும் வழிக்கு முன்பே வண்டி வேகம் குறைந்து, நிதானமாகத் திரும்பி வந்தது.

அப்படியானால் எல்லோரும் 7/8 வாங்க வேண்டுமா என்றால், இல்லை. போரைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. காலிப்பரைப் பார்க்காமல் சிலிண்டர் வாங்குவது அளவெடுக்காமல் சட்டை தைப்பதுதான் என்று சொல்லிவிட்டால் எளிது, கணக்காகவே சொல்கிறேன். இந்த நோவாவின் காலிப்பரில் 1.75 அங்குல பிஸ்டன்கள் பக்கத்துக்கு இரண்டு. ஒரு பக்கப் பரப்பு 4.81 சதுர அங்குலம். 800 பிஎஸ்ஐயில் அது பேடை அழுத்துவது சுமார் 3,850 பவுண்டு. இதற்குப் பதில் ஜிஎம்மின் பழைய ஒற்றை பிஸ்டன் காலிப்பர் இருந்தால் பிஸ்டன் 2-15/16 அங்குலம், பரப்பு 6.78. அதற்கு 1 அங்குல வார்ப்பிரும்புச் சிலிண்டர் தரும் 610 பிஎஸ்ஐயே 4,100 பவுண்டைத் தாண்டிவிடும். பெடல் இறங்கும் தூரமும் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதாவது, கனமான பழைய காலிப்பர் வைத்திருப்பவருக்கு மலிவான சிலிண்டரே சரி. எடையைக் குறைக்க ஆசைப்பட்டுச் சின்னக் காலிப்பருக்குப் போகிறவர்தான் சிலிண்டரையும் சின்னதாக்க வேண்டும். பெரிய காலிப்பருக்கு 7/8 போட்டால் ஆயில் பற்றாமல் பெடல் தரையைத் தொட்டுவிடும், அதுவும் ஆபத்துதான்.

இரண்டு தனிச் சிலிண்டரும் நடுவில் பேலன்ஸ் பாரும் வைக்கும் முறை இருக்கிறது. முழுக்கக் குழாய்ச் சட்டத்தில் கட்டிய வண்டிக்குச் சரி. பழைய வண்டியின் ஃபயர்வாலை வெட்டி அதைச் செய்ய நான் சொல்லமாட்டேன்.

சிலிண்டர் சரியாக இருந்தும் பிரேக் கெடுவது பெரும்பாலும் அதைச் சுற்றியுள்ள சின்ன விஷயங்களால். டிரம் லைனில் 10 பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் ஒரு வால்வு வேண்டும். இல்லாவிட்டால் வீல் சிலிண்டரின் ரப்பர் கப் சுருங்கிக் காற்றை உள்ளே விடும். அதே வால்வு டிஸ்க் லைனில் இருந்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். சிலிண்டர் தரைக்கு அடியில், காலிப்பரைவிடத் தாழ்வாக இருந்தால் மட்டும் டிஸ்க்குக்கு 2 பிஎஸ்ஐ வால்வு வைப்பார்கள். ஃபயர்வாலில் உள்ள சிலிண்டருக்கு அது வேண்டாம். வில்லங்கம் என்னவென்றால், டிரம்முக்கான சில சிலிண்டர்களில் இந்த வால்வு லைன் திருகும் பித்தளை இருக்கைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். மெல்லிய கம்பியைத் துளைக்குள் விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் உள்ளே போனால் வால்வு இல்லை. சற்று உள்ளே போய் ரப்பரில் முட்டினால் இருக்கிறது. முன் டிஸ்க்குக்கு என்று அச்சடித்த பெட்டியில் வந்த ஒரு கிட்டிலேயே முன் துளையில் இந்த ரப்பரைப் பார்த்திருக்கிறேன். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் கம்பியை நம்புங்கள்.

அடுத்தது புஷ்ராட் இடைவெளி. சிலிண்டருக்குள் பிஸ்டன் முழுக்கப் பின்னால் வந்து ஓய்வில் இருக்கும்போது, அதன் கப்புக்குச் சற்று முன்னால் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை தொட்டியோடு திறந்திருக்கும். சூட்டில் விரியும் ஆயில் அந்த வழியாகத்தான் தொட்டிக்குத் திரும்பும். புஷ்ராட் ஒரு மரை கூடுதலாக நீண்டு பிஸ்டனை லேசாக உள்ளே தள்ளியிருந்தாலே துளை மூடிவிடும். குளிர்ந்த வண்டியில் ஒன்றும் தெரியாது. சில தடவை பிரேக் பிடித்து, முன் பிரேக் சூடானதும் ஆயில் விரிந்து, போக வழியில்லாமல் பேடை அழுத்தத் தொடங்கும். வண்டி பிரேக் பிடித்தபடியே ஓடும். நேரம் ஏன் குறையவில்லை என்று கார்புரேட்டரைக் குடைந்துகொண்டிருப்பார்கள். பெடலைக் கையால் தள்ளினால், புஷ்ராட் பிஸ்டனைத் தொடும் முன் கொஞ்சம் வெற்று ஆட்டம் விரலுக்குத் தெரிய வேண்டும். இந்த வண்டியில் பெடல் பட்டையில் கால் அங்குலம் போல விட்டோம்.

வண்டியில் மாட்டும் முன் சிலிண்டரை மேசையிலேயே ஏர் எடுத்துவிடுங்கள். வைஸில் ஃபிளேஞ்சைப் பிடித்து, இரண்டு துளையிலிருந்தும் குழாயை வளைத்துத் தொட்டி ஆயிலுக்குள் மூழ்க வைத்து, மரக்குச்சியால் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளி மெதுவாக விட வேண்டும். பெரிய குமிழிகள் சீக்கிரம் போய்விடும். அதற்குப் பிறகு கடுகு கடுகாக வருபவைதான் பொறுமையைச் சோதிக்கும். அதிலும் முன் அறையில் தங்கியவை. வேகமாக அடித்தால் ஆயில் நுரைக்கும், வேலை இரட்டிப்பாகும். ஆயிலைப் பொறுத்தவரை டாட் 3இன் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ், டாட் 4க்கு 230. நான் டாட் 4 பக்கம். பெயின்டைத் தின்னாது என்று சிலர் விரும்பும் சிலிக்கான் டாட் 5 காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பெடல் மெத்தென்று ஆகும். காட்சிக்கு நிறுத்தும் வண்டிக்கு நல்லது, இந்த வண்டிக்கு வேண்டாம்.

பர்ன்அவுட்டில், அதாவது பின் டயரை நின்ற இடத்தில் சுழற்றிச் சூடாக்கும்போது, முன் பிரேக்கைப் பூட்டி வைக்கும் லைன் லாக் உள்ளவர்கள் கவனிக்க: அந்த சோலனாய்டு தானாக அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. பெடலை அழுத்தியபோது முன் லைனில் இருந்ததை அடைத்து வைக்கிறது, அவ்வளவே. பழைய 1-1/8 சிலிண்டரில் பர்ன்அவுட் செய்யும்போது வண்டி மெதுவாக முன்னால் நகர்ந்துவிடுவதாக வண்டிக்காரர் புகார் சொல்வார். சோலனாய்டை மாற்றவும் நினைத்திருந்தார். சிலிண்டரை மாற்றியதும் அதே சோலனாய்டில் முன் சக்கரங்கள் அசையாமல் நின்றன.

என் தீர்ப்பு: சின்னக் காலிப்பரும் 6 விகிதப் பெடலும் உள்ள இந்த நோவாவுக்கு 7/8 அலுமினியம். ஜிஎம் ஒற்றை பிஸ்டன் காலிப்பர் உள்ள வண்டிக்கு, ஆழமான குழியோடு கிடைத்தால், 1 அங்குல வார்ப்பிரும்பு. மிச்சப்படும் பணத்தை நல்ல பேடுக்குச் செலவிடலாம். மோப்பார் பாணி 1-1/32, நடுத்தரக் காலிப்பர் வைத்திருந்து பெடல் அதிகம் இறங்குவதைப் பொறுக்காதவர்களுக்கு. பூஸ்டர் இல்லாத வண்டியில் 1-1/8 போரை எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எதை மாட்டினாலும் மைதானத்துக்குப் போகும் முன் வண்டியை நிறுத்தி வைத்து, பெடலை முழுப் பலத்தோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அது ஒரு மயிரிழை தாழ்ந்தாலும் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை வண்டியை டிரெய்லரில் ஏற்றாதீர்கள்.